எட்டரை மணிக் கட்டைவிரல்கள்

ரயிலில் ஏறிவிட்டால் யுவராணி யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. விரல்களைத்தான் பார்ப்பாள். அதிலும் கட்டைவிரல். பட்டாபிராமில் பெண்கள் பெட்டியில் ஏறிக் கதவோரக் கம்பியைப் பிடித்து நின்றால், பட்டரவாக்கத்தில் இறங்கும்வரை அவள் கண்கள் மற்றவர்களுடைய செல்போன்களின் கீழ்ப்பாதியிலேயே மேயும். யார் என்ன படிக்கிறார்கள் என்பதில் அவளுக்கு அக்கறை கிடையாது. விரல் எங்கே நிற்கிறது, எங்கே தயங்குகிறது, எதைக் கண்டதும் வெடுக்கென்று மேலே தள்ளுகிறது, அதுதான் வேண்டும். ஏழு வருடப் பழக்கம் இது. ஒரு தடவை கல்லூரிப் பெண் ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, ஏறுனதுலேந்து என் போனையே பாத்துகினு கீறீங்க?"

"போனைப் பாக்கலம்மா. நெயில் பாலிஷ் நல்லாகீது, அதான்."

அந்தப் பெண் அன்றைக்கு நெயில் பாலிஷே போட்டிருக்கவில்லை.

யுவராணியின் வீட்டில் அவளுக்கு முன்னால் பட்டம் வாங்கியவர்கள் யாரும் இல்லை. அப்பா தங்கவேல் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லாரிக்கு லோடு ஏற்றியவர். அம்மா பொன்னியம்மா இன்றும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். பி.எஸ்சி. கணிதம் படித்த மகள் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறாள் என்பதுவரை அவர்களுக்குப் பெருமை. அங்கே என்ன செய்கிறாள் என்பதுதான் புரியவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அம்மா கேட்டே விட்டாள்.

"வெப்சைட்டுல விளம்பரம் வருதுல்லமா, அத எந்த எடத்துல வெச்சா ஜனங்க பாப்பாங்க, எப்ப தொடுவாங்கன்னு பாத்துப் பாத்து மாத்தறது."

"நான் போன்ல எதுனா படிச்சா குறுக்க வந்து நிக்குதே, மூலையில பொடிசா ஒரு பெருக்கல் குறி போட்டு, அதுவா?"

"ம்."

"அத்த வெக்கறது நீயா?"

"என்ன மாதிரி ஆளுங்க."

"எந்த நாசமாப் போறவன் வெச்சான்னு தெனமும் திட்றேனே, அது உன்னியவாடி?" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

யுவராணியின் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே இரும்பு கடையும்போது மேலே டீ கிளாஸ் தானாக மேசையில் நடக்கும். முதலாளி கோதண்டம் ஒரு காலத்தில் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர். கேட்டுக்கு கேட் போய் 'ஆட்கள் தேவை' நோட்டீஸ் ஒட்டியவர், பிறகு அதையே வெப்சைட்டாக்கி 'முதல் ஷிப்ட்' என்று பெயர் வைத்தார். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, ஐயப்பன்தாங்கல் பக்கத்தில் எங்கே வேலை காலி என்றாலும் அதில் வரும். வேலை தேடுகிறவர்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. பக்கத்தில் ஓடும் விளம்பரங்கள்தான் வருமானம். அந்த விளம்பரங்கள் நன்றாக ஓடினால் ஆறு பேருக்குச் சம்பளம்.

யுவராணிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கல்லூரியில் வாயைத் திறக்கவே பயந்தவள் அவள். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தால் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுவாள். இங்கே எண்கள் பேசின. கிளிக்கு எண்ணிக்கையைக் காட்டும் கோடு திரையில் மேலே ஏறினால், எந்தக் காலேஜ் என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் சில சமயம் ஒரு கேள்வி வரும்: எனக்கு உண்மையிலேயே வேலை தெரியுமா, இல்லை கோட்டை ஏற்ற மட்டும் தெரியுமா? கோடு ஏறிக்கொண்டிருந்ததால் அந்தக் கேள்வி அதிக நேரம் நிற்பதில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவள் செய்த ஒரு காரியம்தான் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் உண்டு. கீழே 'விண்ணப்பிக்க' என்று ஒரு பச்சைப் பொத்தான். அதுவரை விளம்பரங்கள் பக்கத்தின் தலையிலும் காலிலும் கிடந்தன. யுவராணி ஒன்றை எடுத்துப் பச்சைப் பொத்தானுக்கு நேர் மேலே வைத்தாள். எல்லா விரல்களும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான் என்று ரயிலில் பார்த்திருந்தாள். ஒரே வாரத்தில் கிளிக்குகள் இரண்டு மடங்காயின. அதிலும் காலை எட்டரையை ஒட்டி ஒரு குன்று. கோடு செங்குத்தாக ஏறி இறங்கியது. அவள்தான் அதைக் கண்டுபிடித்துப் படமாகப் போட்டுக் காட்டினாள்.

"எட்டரைக்கு நம்ம ஆவடி ஜனங்க ஷாப்பிங் மூடுல கீறாங்கபா!" என்று கோதண்டம் கைகொட்டினார். அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனி விலை வைத்தார். விளம்பரம் பிடித்து வரும் டில்லிபாபு அந்தப் படத்தை லேமினேட் செய்து பைக் பெட்டியில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினான். யுவராணிக்குத் தனி மேசை கிடைத்தது.

அந்தப் படத்தை நம்பி வந்தவர்களில் ஒருவர் நாகேந்திரன். மாங்காட்டில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். மூன்று மாதம் விளம்பரம் கொடுத்துவிட்டு, நான்காவது மாதம் நேரே மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"போன மாசம் தொள்ளாயிரம் பேரு கிளிக் பண்ணாங்கன்னு பேப்பர் குடுத்தீங்க. சந்தோசம். எனக்கு வந்த போனு ரெண்டு. ஒண்ணு ராங் நம்பர். இன்னொரு பையன், 'சார், அந்த வேலைக்கு எப்ப வந்து பாக்கட்டும்'னு கேக்கறான். மீதி பேரு எங்கப்பா? வண்டி கத்துக்காமயே ஓட்டிகினு பூட்டாங்களா?"

"அண்ணாத்தே, பேரு மனசுல பதியும்ல," என்றான் டில்லிபாபு.

"பதியட்டும். பதிஞ்சவன் வந்து கிளட்ச்ச மிதிக்கணும்ல, நைனா!"

யுவராணி எழுந்து, திரையைத் திருப்பிக் காட்டினாள். "சார், எல்லாம் பதிவாயிருக்கு. நம்பர் பொய் சொல்லாது."

நாகேந்திரன் அவளை ஒரு பார்வை பார்த்தார். "போனும் பொய் சொல்லாதும்மா." மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். அவர் கூட்டி வந்த தையல் பயிற்சிக் கூடமும் லேடீஸ் ஹாஸ்டலும் அவர் பின்னாலேயே போகும். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் கோதண்டம் மெதுவாகச் சொன்னார், "அந்த மூணும் போச்சுன்னா கட வாடகைக்கே இஸ்துக்கும். அப்பால நீங்கள்லாம் நம்ம சைட்டுலயே வேல தேட வேண்டிதான்." சிரிப்பதற்காகச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ரயிலில் யுவராணி கடுப்போடு நின்றாள். எங்கோ ஓர் ஓட்டை இருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல்காரர் போனை எடுக்காமல் இருந்திருப்பாரோ?

அவள் ஏறும் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. வேப்பம்பட்டில் ஏறும் லோகநாயகி அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே, பக்கத்து இருக்கையில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவாள். அது ஆவடியில் ஏறும் சபீனாவுக்கு. நடுவில் நான்கு ஸ்டேஷன் கூட்டம் ஏறும். "ஆளு வருது" என்ற ஒரே வார்த்தையில் லோகநாயகி எல்லோரையும் நிறுத்தி வைப்பாள். ஒரு நாள் யாரோ ஒருத்தி பையைத் தள்ளி உட்கார்ந்து, ஆவடியில் சபீனா வந்ததும் எழுந்திருக்க, அந்த இடத்துக்கு நின்றுகொண்டிருந்தவர்கள் பாய, கூடை கவிழ்ந்து பெட்டி முழுக்கத் தக்காளி உருண்டது. அன்றிலிருந்து பையை யாரும் தொடுவதில்லை.

சபீனா கொரட்டூரில் ஓர் ஏற்றுமதித் தையல் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். மகள் மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, ஏழு மணிவரை பக்கத்து வீட்டில் அம்மாவுக்காகக் காத்திருப்பாள். அதனால் ஆவடிக்குள்ளேயே ஒரு வேலை வேண்டுமென்று சபீனா ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். தேடியது 'முதல் ஷிப்ட்'டில்தான். யுவராணி அங்கேதான் வேலை செய்கிறாள் என்பது பெட்டியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் விரல்கள் ஜாக்கிரதையாகிவிடும் என்பதால் அவள் அதைச் சொன்னதே இல்லை.

"அக்கா, நம்ம ஆவடி பருத்திப்பட்டுல ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் அசிஸ்டன்ட் கேட்டுகீறாங்க," என்று சபீனா உட்கார்ந்ததுமே லோகநாயகியிடம் போனைக் காட்டினாள். "மூணரைக்கு வேல முடியுது! மொதல் அம்பது பேருதான் எடுத்துப்பாங்களாம். நாப்பத்தி நாலு ஆயிடுச்சு."

"அப்ப பேசிகினு கீறியே, போடுடி!"

ரயில் ஆவடியைத் தாண்டி, அண்ணனூருக்கு முன்னால் சிக்னலுக்காக நின்றது. தினமும் அங்கே நிற்கும். போன் சிக்னலும் அங்கேதான் இழுக்கும். யுவராணியின் கண்கள் வழக்கம்போல சபீனாவின் கட்டைவிரலில் போய் நின்றன. பக்கம் மெல்ல மெல்ல விரிந்தது. எழுத்துகள் வந்தன. பச்சைப் பொத்தான் வந்தது. சபீனாவின் விரல் இறங்கியது. அந்த நொடியில், தாமதமாக வந்த விளம்பரம் பொத்தானைக் கீழே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது. விரல் அதன்மேல் விழுந்தது. திரை முழுவதும் நாகேந்திரனின் டிரைவிங் ஸ்கூல் மஞ்சள் கார்.

ஒரு கிளிக், என்று யுவராணியின் மனம் தானாக எண்ணியது.

சபீனா பழைய பக்கத்துக்குத் திரும்பினாள். மறுபடி பக்கம் விரிந்தது, மறுபடி பொத்தான், மறுபடி மஞ்சள் கார். இரண்டு. மூன்றாம் முறை பக்கமே உறைந்து நின்றது. ரயில் கிளம்பித் திருமுல்லைவாயலைத் தாண்டி, சிக்னல் திரும்பியபோது பொத்தான் பச்சையாக இல்லை. சாம்பல் நிறத்தில் 'விண்ணப்பங்கள் முடிந்தன' என்றிருந்தது.

அப்போதுதான் யுவராணி தலையை நிமிர்த்தி சபீனாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் அழவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு, போனைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். "நம்ம கை ராசி அப்டி," என்றாள்.

"எந்தப் பாவி அங்க கொண்டாந்து வெச்சானோ," என்றாள் லோகநாயகி.

யுவராணி அதன் பிறகு யாருடைய விரலையும் பார்க்கவில்லை. எண்கள் பொய் சொல்லவில்லைதான். அவள்தான் அவற்றிடம் தப்பான கேள்வி கேட்டிருந்தாள். எட்டரை மணிக் குன்று ஆசையால் எழுந்தது இல்லை. அண்ணனூர் சிக்னலில் நின்ற ரயில்களில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி வேலை தேடியவர்களின் தவறிய விரல்கள் எழுப்பியது அது. அலுவலகத்தில் இணையம் வேகம். பொத்தானும் விளம்பரமும் ஒன்றாக வந்து நிற்கும். அங்கே உட்கார்ந்து ஒன்றரை வருடம் பார்த்தாலும் இது தெரியாது. ஆனால் நான் ரயிலில்தானே வந்தேன், ஏழு வருடம் விரலைத்தானே பார்த்தேன்? இந்தக் கேள்வி பட்டரவாக்கத்தில் அவளோடு இறங்கி, எஸ்டேட் வரை நடந்தே வந்தது.

கோதண்டத்திடம் அவள் சுற்றி வளைக்கவில்லை.

"சார், எட்டரை மணி கிளிக்கு ஜனங்க ஆசப்பட்டுத் தொட்டது இல்ல. தடுக்கி உயுந்தது. நாகேந்திரன் சார் சொன்னது சரி."

"அந்த எடத்துல வெச்சது யாரு?"

"நான்தான். எடுக்கப் போறதும் நான்தான். பக்கத்துக்கு ஏழு விளம்பரம் கீது, மூணு போதும். பொத்தான் கிட்ட ஒண்ணும் கூடாது. கிளிக்கு மூணுல ஒரு பங்காக் கொறையும். ஒரு மாசம் குடுங்க."

கோதண்டம் டில்லிபாபுவைப் பார்த்தார். டில்லிபாபு யுவராணியைப் பார்த்தான். "வெயில்ல நடந்து வந்தியா?" என்றான். "நான் அந்தப் படத்த லேமினேட் பண்ணி வெச்சிகீறேன். கொறையறத எப்டி விக்கறது?"

"இப்ப கீறத மட்டும் விக்க முடிஞ்சுதா?"

கோதண்டம் நெற்றியைத் தேய்த்தபடி, "நாகேந்திரன்கிட்ட நானே பேசி ஒரு மாசம் புடிச்சு வெக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல," என்றார்.

தாமதமாக வரும் விளம்பரத்தை என்ன செய்வது என்பதுதான் முதல் வேலை. அது வேறெங்கிருந்தோ வருவது. அதன் நேரத்தை அவளால் கட்டுப்படுத்த முடியாது. வழி லோகநாயகியின் சாப்பாட்டுப் பையில் இருந்தது. விளம்பரம் வருவதற்கு முன்பே, அதன் அளவுக்குச் சரியாக ஒரு காலிக் கட்டத்தை யுவராணி பக்கத்தில் போட்டு வைத்தாள். ஆள் எப்போது வந்தாலும் தன் இடத்தில் உட்காரும். வேறு யாரும் நகர வேண்டியதில்லை. பிறகு, விரல்கள் நின்று நிதானமாகப் படிக்கும் இடங்களைத் தேடினாள். தகுதி, வயது, சம்பளம் என்று வரும் பகுதி முடிந்து ஒரு மூச்சு விடும் இடம். அங்கே ஒன்று வைத்தாள். கீழே இருக்கும் விளம்பரங்கள், படிப்பவர் அதுவரை இறங்கி வந்த பிறகு மட்டும் வந்தால் போதும் என்று மாற்றினாள். பக்கம் பாதி நேரத்தில் திறந்தது. டிரைவிங் ஸ்கூலை எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுத்துவிட்டு, 'லைசென்ஸ் வேண்டும்' என்று கேட்கும் வேலைகளின் பக்கத்தில் மட்டும் போட்டாள். தையல் பயிற்சி, ஏற்றுமதிக் கம்பெனி வேலைகளுக்குப் பக்கத்தில். ஹாஸ்டல், வெளியூர்க்காரர்கள் வரும் வேலைகளுக்குப் பக்கத்தில்.

இத்தனையையும் அவள் அலுவலகத் திரையில் சரிபார்க்கவில்லை. அம்மாவின் பழைய போனை வாங்கி, ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, அண்ணனூர் சிக்னலில் சோதித்துப் பார்த்தாள். எங்கே விரல் தவறியதோ அங்கே மாற்றினாள்.

முதல் வாரம் கோடு தலைகுப்புற விழுந்தது. எட்டரை மணிக் குன்று இருந்த இடம் தெரியவில்லை. டில்லிபாபு தினமும் அவள் மேசைப் பக்கம் வந்து, "இன்னா, இன்னிக்கி எத்தினி பேரு தடுக்கி உயுந்தாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் அசரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் ஆடியது உண்மைதான். இந்த ஒன்றை விட்டால் தனக்கு வேறு என்ன தெரியும் என்று ஒரு மாலை மொட்டைமாடியில் நின்று யோசித்தாள். ஆனால் சபீனாவின் விரலை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது வாரம், பக்கத்தைப் பாதியில் மூடிவிட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு வேலையைப் பார்க்க வந்தவர்கள் மூன்று நான்கு பார்த்தார்கள். மூன்றாவது வாரம், விளம்பரங்கள் முன்பைவிடக் குறைவாக இருந்தும், உண்மையில் கண்ணில் பட்டவை கூடியிருந்தன. வெளியிலிருந்து விளம்பரம் அனுப்பும் கம்பெனிகள் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் விலை தரத் தொடங்கின. ஆனாலும் கோதண்டம் காத்திருந்தது ஒரே ஒரு போனுக்குத்தான்.

அது மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது வந்தது. கோதண்டம் ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்தப் பொண்ணு கீதா?" நாகேந்திரனின் குரல்.

"சொல்லுங்க சார்."

"ஏம்மா, கொஞ்சம் கொறச்சிக்க. எனக்கு கீறது ரெண்டு வண்டி. முப்பத்தியோரு பேரு போன் பண்ட்டாங்க, ஒம்பது பேரு சேந்துட்டாங்க. காலையில ஆறு மணிக்குலாம் வந்து நிக்கறானுங்க, என் பொண்டாட்டி திட்றா."

டில்லிபாபு, "கிளிக்கு எவ்ளோ?" என்று உதட்டசைவில் கேட்டான்.

"இருநூத்தி அறுபது," என்றாள் யுவராணி சத்தமாகவே. தொள்ளாயிரம் என்று சொன்ன நாளைவிட அவள் குரல் தெளிவாக இருந்தது.

நாகேந்திரன் ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். மற்ற இரண்டு பேரும் தங்கினார்கள். டில்லிபாபு லேமினேட் செய்த பழைய படத்தின் பின்பக்கத்தில் முப்பத்தியொன்று, ஒன்பது என்று இரண்டே எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டி, அதையே கடை கடையாகக் காட்டினான். "மாமே, இத்த விக்கறது ஈசியாகீது," என்று வந்து சொன்னான். கோதண்டம் இன்னொரு பெண்ணை வேலைக்குச் சேர்த்து, யுவராணியிடம் அனுப்பினார். அவளை யுவராணி முதல் நாளே பழைய போனோடு ரயிலில் ஏற்றிவிட்டாள்.

ஒரு காலைநேரம். ரயில் அண்ணனூருக்கு முன்னால் நின்றது. சபீனா தனக்காக லோகநாயகி பிடித்து வைத்த இடத்தில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இன்னும் கொரட்டூருக்குத்தான் போகிறாள். மூன்றரைக்கு முடியும் வேலை அதன் பிறகு வரவில்லை. தானாகக் கண்ணில் பட்டதுபோல யுவராணி இரண்டு வேலைகளை அவளுக்கு அனுப்பிப் பார்த்தாள். ஒன்று தூரம், ஒன்று இரவு ஷிப்ட்.

"இந்த சைட்டு இப்ப நல்லாகீதுக்கா," என்று சபீனா லோகநாயகியிடம் காட்டினாள். "அப்பலாம் காரு வந்து மூஞ்சில மோதும். இப்ப போட்ட எடத்துல பொத்தான் நிக்குது. எவனோ புண்ணியவான் சரி பண்ட்டுகீறான்."

"அவன் நல்லா இருக்கட்டும்," என்றாள் லோகநாயகி.

கோதண்டத்திடம் ஒரே மூச்சில் வந்த 'நான்தான்' என்ற வார்த்தை, இங்கே யுவராணியின் வாய்வரை வந்து நின்றது. சரி பண்ணியது நான்தான் என்று சொன்னால், வைத்ததும் நான்தான் என்று சொல்ல வேண்டும். அந்த ஐம்பதில் சபீனா தவறவிட்ட ஓர் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சபீனா நிமிர்ந்தாள்.

"இன்னாடி, என் கையையே பாத்துகினு கீற?"

"ஒண்ணுமில்லக்கா. மருதாணி நல்லாகீது."

சபீனா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரம்ஜானுக்கு வைத்தது. நகத்தின் நுனியில் கொஞ்சம் செம்மை தவிர எல்லாம் எப்போதோ அழிந்துவிட்டிருந்தது. "போடி, லூசு," என்று சிரித்துவிட்டு மறுபடி போனுக்குள் குனிந்தாள்.

சிக்னல் விழுந்தது. ரயில் நகர்ந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று யுவராணி நினைத்துக்கொண்டாள். இப்படி அவள் நினைப்பது எட்டாவது மாதமாக நடக்கிறது.